மூவாயிரம் ரூபாய்க்குள் கேமராவுக்கு எந்த மைக் வாங்கலாம்?

ஜூன் 9, 2024: கேள்வி

"அண்ணா, தேனி மாவட்டம் கம்பம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கேனான் எம்50 கேமராவில் அம்மாவின் சமையலைப் படம் பிடித்துப் போடுகிறேன். பாதி வீடியோ அடுப்படியில், மீதி தோட்டத்தில். படம் நன்றாக இருக்கிறது, அம்மா பேசுவதுதான் கிணற்றுக்குள் இருந்து கேட்பது போல இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் எழுதுகிறார்கள். கையில் மூவாயிரம் ரூபாய் இருக்கிறது. கேமராவின் மேல் மாட்டும் ஷாட்கன் மைக் வாங்கினால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எது நல்லது?"

ஜூன் 9, இரவு

கேமராவின் மேல் மாட்டாதீர்கள். எந்த மைக் என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கிணற்றுக்குள் இருந்து கேட்பது போல இருப்பதற்குக் காரணம் மைக்கின் தரம் அன்று, தொலைவு. பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் நேராக வந்து சேரும் குரல் 6 டெசிபல் குறைகிறது. ஆனால் மின்விசிறியின் இரைச்சலும், சுவரிலும் கிரானைட் மேடையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருப்பதால் அவை அப்படியேதான் இருக்கும். ஒரு மீட்டர் தொலைவில் இருக்கும் மைக்கைக் கால் மீட்டருக்குக் கொண்டுவந்தால், மைக்கை மாற்றாமலே குரல் மட்டும் 12 டெசிபல் முன்னே வந்து நிற்கிறது. இந்த 12 டெசிபலை எந்த விலையுயர்ந்த மைக்கும் கேமராவின் தலையில் உட்கார்ந்துகொண்டு தர முடியாது.

ஷாட்கன் மைக் தூரத்து ஒலியை இழுத்துவரும் என்பது தவறான எண்ணம். பக்கவாட்டில் வரும் ஒலியைக் குறைத்து வாங்குவது மட்டுமே அதன் வேலை. அடுப்படி போன்ற சின்ன அறையில் எதிரொலி முன்பக்கமிருந்தும்தான் வருகிறது.

ஆகவே என் பதில்: உடையில் குத்திக்கொள்ளும், கம்பியுள்ள காலர் மைக். பாயா நிறுவனத்தின் பிஒய்-எம்1 ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, 6 மீட்டர் கம்பி இருக்கிறது, கேமராவிலும் ஃபோனிலும் வேலை செய்கிறது. மீதி இரண்டாயிரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஜூன் 11

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: மைக் வாங்கும் முன் கேமராவில் மைக் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். எம்50-இல் இருக்கிறது. கேனான் 200டி, நிக்கான் டி5600, சோனி ஏ6400, இசட்வி-1, இசட்வி-இ10 ஆகியவற்றிலும் இருக்கிறது. நம் ஊரில் பலர் முதல் கேமராவாக வாங்கும் கேனான் 1500டி, நிக்கான் டி3500, சோனி ஏ6000 ஆகியவற்றில் கிடையாது. அவற்றை வைத்திருப்பவர்கள் மைக்கைக் கேமராவோடு இணைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு ஃபோனில் தனியாகப் பதிவு செய்வதுதான் வழி. அதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 12

மைக் கம்பியின் முனையில் கேமராவுக்குள் செருகும் பின் இருக்கிறதே, அதில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் இருந்தால் கேமராவுக்கு உரிய டிஆர்எஸ் பின்; மூன்று இருந்தால் ஃபோனுக்கு உரிய டிஆர்ஆர்எஸ் பின். ஃபோனுக்கென்றே செய்த மைக்கைக் கேமராவில் செருகினால் ஒன்றுமே பதிவாகாது, அல்லது பக்கத்து வீட்டில் பேசுவது போல மெலிதாகப் பதிவாகும். பிஒய்-எம்1-இல் வளையம் மூன்றுதான், ஆனால் கம்பியின் நடுவில் உள்ள சிறு பெட்டியின் விசையைக் கேமரா பக்கம் தள்ளினால் அது கேமராவுக்கும் ஒத்துவருகிறது. அந்த நிலையில் உள்ளே எல்ஆர்44 பட்டன் செல் இருந்தாக வேண்டும். வேலை முடிந்ததும் விசையைத் திருப்பி வைக்காவிட்டால் செல் தீர்ந்துபோகும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மைக்கை வைத்து, ஒரு பெரியவரின் நினைவுகளை முக்கால் மணி நேரம் எடுத்தேன். அந்த மைக்கின் செருகுமுனை கேமராவுக்குப் பொருந்தவில்லை என்பது வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. உதடு அசைகிறது, ஒலி இல்லை. மறுநாள் போய் மீண்டும் கேட்டபோது அவர் அன்போடு பேசினார், ஆனால் முதல் நாள் சொன்னது போல அமையவில்லை. எம்50-இல் ஹெட்போன் துளை இல்லாததால் பதிவாகும்போதே கேட்டுப் பார்க்க இயலாது. ஒவ்வொரு முறையும் இருபது விநாடி எடுத்து, கார்டைக் கழற்றி, கார்டு ரீடர் வழியாக ஃபோனில் போட்டு, இயர்போனில் கேட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

ஜூன் 16

கேள்வி கேட்டவர் அனுப்பிய சிறு வீடியோத் துண்டு ஒன்றைக் கேட்டேன். புதிய மைக் இன்னும் வாங்கவில்லை. கேமராவின் சொந்த மைக்கில் எடுத்தது. அம்மா ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு விடும் இடைவெளியில் மின்விசிறியின் ஓசை மெல்ல மேலேறி வருகிறது, அவர் அடுத்த சொல்லைத் தொடங்கியதும் சட்டென்று அமுங்குகிறது. இது தானியங்கி ஒலியளவு செய்யும் வேலை. பேச்சு நின்றவுடன் கேமரா "ஒலி குறைந்துவிட்டது" என்று எண்ணிக்கொண்டு அளவைத் தானாகக் கூட்டுகிறது. கூடி வருவது இரைச்சல்தான்.

ஒலிப்பதிவு அமைப்பைத் தானியங்கியிலிருந்து மேனுவலுக்கு மாற்றுங்கள். அம்மா வழக்கமாகப் பேசும் குரலில் பேசச் சொல்லி, அளவுகாட்டியின் கோடு அவ்வப்போது மட்டும் -12 என்ற குறியைத் தாண்டுமாறு வையுங்கள். சிரிக்கும்போதும் கூப்பிடும்போதும் குரல் உயர்வதற்கு அந்த இடைவெளி வேண்டும். பூச்சியத்தை முட்டிக் கரகரத்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. சற்றுக் குறைவாகப் பதிவானதை உயர்த்திக்கொள்ளலாம்.

இந்த மாற்றத்துக்குச் செலவு ஏதும் இல்லை. மைக் வாங்கும் முன்பே செய்து பாருங்கள்.

ஜூன் 23

காலர் மைக்கை எங்கே குத்துவது என்று கேட்டிருந்தார். "மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சுக்கு நடுவே" என்று வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டேன். இன்று என் அம்மாவை வைத்து முயன்று பார்த்த பிறகு அதைத் திருத்துகிறேன்.

சட்டை அணிந்த ஆணுக்கு அந்தப் பதில் சரி: இரண்டாவது பொத்தானுக்கு மேல் குத்தினால் போதும். சேலை கட்டியவருக்கு அது பொருந்தவில்லை. நெஞ்சுக்கு நடுவே தாலிச் சங்கிலி தொங்குகிறது. குனிந்து வாணலியைக் கிளறும்போதெல்லாம் சங்கிலி மைக்கில் உரசி, கடுகு வெடிப்பதைவிடக் கூர்மையாக ஒரு "கிளிக்" விழுகிறது. முந்தானை மடிப்பில் குத்தினால் துணி துணியோடு உரசும் சரசரப்பு. அதுவும் கஞ்சி போட்ட பருத்திச் சேலை என்றால் சொல்லவே வேண்டாம்.

நான்காவது முயற்சியில் சரியாக வந்தது. சேலை தோளில் குத்தப்பட்டிருக்கும் இடத்திலிருந்து நான்கு விரல் கீழே, சங்கிலி எட்டாத பக்கவாட்டில் கிளிப்பைப் போட்டேன். கம்பியை மைக்குக்குக் கீழே ஒரு சிறு வளையமாகச் சுற்றி அதே கிளிப்பின் பல்லுக்குள் செருகினேன். அந்த வளையம் மிக முக்கியம்: கம்பியை யாராவது இழுத்தாலும் அதிர்வு மைக் வரை ஏறுவதில்லை. இந்த மைக் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும் வகை என்பதால் நேராக வாயைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"இந்தப் பூச்சிக்கு இவ்வளவு பாடா?" என்று அம்மா கேட்டார். பதிவில் அந்தக் கேள்வி மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

ஜூன் 30

நான் யோசிக்காமல் விட்ட ஒன்றை அவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் எழுதியது இது: "அண்ணா, அம்மா ஒரே இடத்தில் நிற்பதில்லை. அடுப்பு, அம்மி, பின்கட்டு என்று நடந்துகொண்டே இருப்பார். சேலையில் கம்பி கோத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நிற்பது பயமாக இருக்கிறது என்கிறார்."

அவருடைய அம்மா சொல்வதுதான் சரி. எரியும் அடுப்புக்கு முன்னே ஒருவர் இடுப்பில் கம்பியோடு நிற்பதும், யாராவது அதில் கால் தடுக்கினால் கொதிக்கும் எண்ணெய் கவிழ்வதும் மைக்கைப் பற்றிய கேள்வியே அன்று. அடுப்படிக்குக் கம்பியுள்ள காலர் மைக் என்று நான் 9ஆம் தேதி சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். உட்கார்ந்து பேசும் காட்சிக்கும் தோட்டத்தில் நின்று பேசுவதற்கும் அது இருக்கட்டும்.

அடுப்படிக்கு வேறு வழி: மைக்கைப் பேசுபவரின் தலைக்கு மேலே தொங்கவிடுவது. பாயா பிஒய்-எம்எம்1 போன்ற குட்டி மைக் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. கேமராவுக்கும் ஃபோனுக்கும் தனித்தனிக் கம்பிகளும், காற்றுக்கான முடி உறையும் பெட்டியிலேயே இருக்கின்றன. ஐயாயிரத்தை ஒட்டி விற்கும் ரோட் வீடியோமைக்ரோ இதே வகையில் இன்னும் மேலானது, எடை 42 கிராம்தான். இவற்றுக்கு செல் வேண்டாம். கேமராவின் துளையிலிருந்து வரும் சிறு மின்சாரமே போதும். கடைகளில் இவற்றை ஷாட்கன் என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் இவை கார்டியாய்டு வகை: முன்பக்கம் நன்றாகவும் பின்பக்கம் குறைவாகவும் கேட்பவை. தலைக்கு மேலிருந்து தொங்கவிடுவதற்கு அந்தக் குணமே நமக்குச் சாதகம், ஏனெனில் மைக்கின் முதுகு மின்விசிறியைப் பார்த்திருக்கும்.

தொங்கவிடத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. நான் பல ஆண்டுகள் பயன்படுத்தியது ஒட்டடைக் கம்பு. துடைப்ப முனையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மைக்கின் தாங்கியை நூலால் இறுகக் கட்டி, மறுமுனையை அலமாரியின் மேல் அரிசி மூட்டையால் அழுத்தி வைத்தேன். மைக் என் அம்மாவின் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, நெற்றிக்கு மேலே, சற்றே முன்னால், சட்டகத்துக்கு வெளியே நின்றது. நேரே அடுப்புக்கு மேலே வைக்காதீர்கள். ஆவியும் எண்ணெய்ப் புகையும் சில மாதங்களில் மைக்கைக் கெடுத்துவிடும்.

நீட்டிப்புக் கம்பியை மூன்று மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிறிய பின் வகைக் கம்பிகள் சுற்றியுள்ள மின்சாரத்தின் "ம்ம்ம்" என்ற ரீங்காரத்தை எளிதில் வாங்கிக்கொள்ளும். ஸ்டெபிலைசர், மிக்ஸி ஆகியவற்றின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டக் கூடாது.

ஜூலை 2

ஒரு முழம் என்று எழுதியதைக் கேமராவிலிருந்து ஒரு முழம் என்று ஒருவர் புரிந்துகொண்டிருக்கிறார். இல்லை, வாயிலிருந்து. எப்போதும் வாயிலிருந்துதான் அளக்க வேண்டும்.

ஜூலை 7

வயர்லெஸ் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள்.

ஐந்நூறு ரூபாய்க்கு விற்கும் குட்டி வயர்லெஸ் மைக்குகளில் பெரும்பாலானவற்றின் வாங்கி (ரிசீவர்) ஃபோனின் சார்ஜ் துளையில் நேரே செருகும் வகை. கேமராவில் அதைச் செருக இடமே இல்லை. வாங்கும் முன் பெட்டியில் பாருங்கள்: வாங்கியில் 3.5 மி.மீ. துளையும், கேமராவுக்குச் செல்லும் கம்பியும் உண்டா? இல்லையென்றால் அது உங்களுக்கு உரியது அன்று. மேலும், இந்த மலிவான மைக்குகளில் பல இரைச்சலைத் தாங்களாகவே வெட்டப் பார்க்கின்றன. தாளிக்கும் ஓசையோடு குரலின் ஓரங்களையும் வெட்டிவிடுவதால், நீருக்குள் இருந்து பேசுவது போன்ற ஒரு நெளிவு வருகிறது. சமையல் வீடியோவில் தாளிப்பு ஓசையை இழப்பது பெரும் இழப்பு.

நல்லவற்றில் ஹாலிலேண்ட் லார்க் எம்2, டிஜேஐ மைக், ரோட் வயர்லெஸ் கோ ஆகியவை உண்டு. எதுவும் மூவாயிரத்துக்குள் அடங்காது. நடந்துகொண்டே பேசும் ஒருவருக்கு இதுதான் இறுதியில் சரியான கருவி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அரைகுறை வயர்லெஸ்ஸைவிட ஒழுங்கான கம்பி மேல்.

வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: இவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. மனித உடலில் உள்ள நீர் அந்த அலையை நன்றாக விழுங்கிக்கொள்ளும். பேசுபவர் கேமராவுக்கு முதுகைக் காட்டினால், மைக் நெஞ்சில் இருக்கும்போது குரல் அறுந்து அறுந்து வருவது அதனால்தான். முதுகு காட்டி நடக்கும் காட்சி என்றால் உடையில் மாட்டும் அனுப்பியை (டிரான்ஸ்மிட்டரை) முதுகுப் பக்கம், ஜாக்கெட்டின் கழுத்தோரத்தில் மாட்டுங்கள்.

ஜூலை 21

ஆடி பிறந்துவிட்டது. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் எடுத்த துண்டை அனுப்பியிருக்கிறார்: "புர்ர்ர்" என்ற ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

கறுப்புப் பஞ்சு உறை, வாயிலிருந்து வரும் மூச்சுக்காற்றுக்கு மட்டுமே பயன்படும். வெளிக்காற்றுக்கு நீண்ட முடி வைத்த உறை வேண்டும். காற்று மைக்கின் மேல் நேராக மோதும்போது உண்டாகும் சுழல்தான் அந்த ஓசை. முடி உறை காற்றின் வேகத்தைப் படிப்படியாக உடைத்து, மைக்கின் வாயருகே அசையாத காற்றுப் படலம் ஒன்றை வைத்திருக்கிறது. குரல் அதன் ஊடே வந்துவிடுகிறது.

காலர் மைக்குக்கான முடி உறை தனியாக விலைக்குக் கிடைக்கிறது. கிடைக்காத இடத்தில், நீண்ட மயிருள்ள பொம்மைத் துணியில் பெருவிரல் அளவுக்கு ஒரு குல்லாய் தைத்து, பஞ்சு உறையின் மேல் போட்டுக் கழுத்தில் நூலால் கட்டலாம். துணியின் அடித்தளம் இழை இழையாக, வாயால் ஊதினால் மூச்சு ஊடுருவும் அளவுக்கு இருக்க வேண்டும். அடியில் ரப்பர் பூசிய துணி என்றால் குரலும் போர்வைக்குள் போய்விடும்.

அதோடு, காற்று வரும் திசைக்குப் பேசுபவர் முதுகைக் காட்டி நிற்கட்டும். உடலே முதல் தடுப்பு.

ஜூலை 28

எதிரொலிக்கு ஒன்று. அம்மா நிற்கும் இடத்துக்கு எதிரே, கேமராவுக்குப் பின்னால் உள்ள வெற்றுச் சுவரில் பவானி ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள் என்று ஒருவருக்குச் சொல்லியிருந்தேன். செய்து பார்த்தபோது பாத்திரங்களின் கணீர் மட்டும் அடங்கியது, குரலின் அடிக்கனமான எதிரொலி அப்படியே இருந்தது. மெல்லிய துணி அவ்வளவுதான் செய்யும். பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வைத்தபோது வேறுபாடு காதுக்குத் தெரிந்தது. கனம் வேண்டும், சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது.

ஆகஸ்ட் 4

ஃபோனில் தனியாகப் பதிவு செய்வதைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மைக் துளை இல்லாத கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று அப்போது நினைத்தேன். இப்போது எல்லாருக்குமே சொல்வேன் என்று தோன்றுகிறது.

காலர் மைக்கை ஃபோனில் செருகி, ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டால் கம்பி உடலோடு முடிந்துவிடுகிறது. அடுப்படியில் தரையில் கம்பி கிடக்காது. எவ்வளவு தூரம் நடந்தாலும் அறுபடாது. ஜூன் 30 அன்று நான் திரும்பப் பெற்ற காலர் மைக், மிச்சக் கம்பியைச் சுருட்டிச் சேலைக்குள் அடக்கினால், இந்த வழியில் அடுப்படிக்குள் மீண்டும் வரலாம். ஃபோனில் 3.5 மி.மீ. துளை இல்லாவிட்டால் டைப்-சி மாற்றி ஒன்று வேண்டும். ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகக்கூடும்.

இரண்டும் ஓடத் தொடங்கியதும் கேமராவின் முன் ஒருமுறை ஓங்கிக் கைதட்டுங்கள். எடிட் செய்யும்போது இரண்டு ஒலிக்கோடுகளிலும் அந்தத் தட்டல் ஊசி போல நிற்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திவிட்டுக் கேமராவின் ஒலியை அணைத்துவிடலாம். நீண்ட பதிவுகளில் இரண்டு கடிகாரங்களும் மெல்ல விலகும். எம்50 ஒரு முறைக்கு 29 நிமிடம் 59 விநாடிதான் தொடர்ந்து எடுக்கும் என்பதால் பெரிய சிக்கல் வராது. ஆயினும் பத்து நிமிடத்துக்கு ஒரு தட்டு நல்லது.

இதை நான் பத்தாண்டுகளுக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். மதுரையில் திருமண வீடியோ எடுக்கும் தொழிலில் இருந்துகொண்டே, என் அப்பத்தா பாடிய தாலாட்டுகளைத் தகரக் கூரை போட்ட திண்ணையில் கேமராவின் சொந்த மைக்கில் எடுத்தேன். பெட்ஸ்டல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் காலம், அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பதினொரு பாட்டு. சென்ற வாரம் மென்பொருளில் இரைச்சலைக் குறைத்துப் பார்த்தேன். இரைச்சல் குறைந்தது, ஆனால் அவர் வரிகளின் முடிவில் குரலை நடுங்கவிட்டு இழுக்கும் இழுப்பும் அதோடு போய்விட்டது. பழையதையே வைத்துக்கொண்டேன். ஆயிரம் ரூபாய் மைக் ஒன்று அன்று அவருடைய சேலையில் இருந்திருந்தால், அந்த இழுப்பு இன்று வீட்டில் இருந்திருக்கும். ஆகவேதான் அம்மாவைப் படம் எடுக்கிறேன் என்று ஒருவர் எழுதினால் எனக்கு இரண்டு மாதம் பதில் எழுதத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 11

கேள்வி கேட்ட தம்பி வாங்கிவிட்டார். காலர் மைக் ஒன்று, அதற்கு முடி உறை, டைப்-சி மாற்றி, இரண்டு உதிரி பட்டன் செல். மொத்தம் ஆயிரத்து நானூறு ரூபாய்க்குள் முடிந்ததாக எழுதியிருக்கிறார். தலைக்கு மேல் தொங்கும் மைக்கை இப்போதைக்கு வாங்க வேண்டாம், மிச்சப் பணத்தை அப்படியே வைத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவருடைய அம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கும் துண்டை ஹெட்போனில் கேட்டேன். புளியைக் கரைக்கும்போது கிண்ணத்தில் விரல் உரசும் ஓசை, அதற்கு மேல் அவர் இயல்பாகப் பேசும் பேச்சு, "உப்பை இப்பப் போடாதே" என்று யாரையோ அதட்டும் தணிந்த குரல்: எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல இருக்கின்றன. சங்கிலி உரசவில்லை. கிளிப் தோளுக்குக் கீழேதான் இருக்கிறது.

ஒரு குறை மட்டும்: மூன்றாவது நிமிடத்திலிருந்து அடியில் ஒரு ரீங்காரம். அது மைக்கின் குறை அன்று, ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கியதுதான். படப்பிடிப்பு முடியும் வரை அதை அணைத்து வையுங்கள். மறுபடி போட மறந்தால் பால் கெட்டுவிடும் என்பதால், உங்கள் பைக் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். சாவியைத் தேடும்போது ஃபிரிட்ஜ் நினைவுக்கு வரும்.